அஸர் பாங்குக்கு முன்னால் போன பாதி

கல்முனைக்குடியில் ஆகிலாவின் முகத்தைத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். குரலைத் தெரியாதவர்கள் குறைவு. கொஞ்சம் கரகரப்பான, அவசரமில்லாத குரல். முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகியதாலோ என்னவோ, ஒரு சொல்லையும் மென்று விழுங்கமாட்டாள். நான் அவள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிறேன். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஊர்க்கதை என் காதுக்கு வராமல் போகாது. போன நோன்புக்குப் பிறகு அவளைப் பற்றி ஊர் கதைத்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. நடந்ததை நடந்தபடி ஒருவராவது எழுதி வைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இதனால் அவளுக்கு ஏதும் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அவளுடைய இந்த வேலை கொரோனாக் காலத்தில் தொடங்கியது. வீதிகளையெல்லாம் மூடி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வருவதைக் கேட்டுப் பயப்படுவதே முழுநேர வேலை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொல்கிறார்களாம், கிணற்றில் மருந்து கலக்கிறார்களாம், எல்லோரையும் லொறியில் ஏற்றப் போகிறார்களாம். ஆகிலா தன் மூத்த சகோதரிகளான ராத்தாமாருக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஆகிலா. ஆஸ்பத்திரிக்கு கோல் எடுத்துக் கேட்டன். அப்பிடி ஒண்டும் இல்லயாம். பயப்புடாம சோத்த ஆக்குங்க."

அவ்வளவுதான். ராத்தாமார் அதை மச்சிமாருக்கு அனுப்பினார்கள், மச்சிமார் சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்த வதந்தி வந்தாலும் பெண்கள் கேட்பது ஒன்றுதான்: "ஆகிலா என்ன செல்றா?" சொல்வதை நாங்கள் செல்வது என்போம். வாசிக்கச் சோம்பல்படுகிற, கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாத எங்கள் பெண்களுக்குக் காதால் கேட்பது வசதியாக இருந்தது. அவளும் விசாரிக்காமல் வாய் திறக்கமாட்டாள்.

இப்படி ஒரு குரல் ஊரில் இருக்கிறது என்பது கொழும்பு வரை போய்ச் சேர்ந்தது. ஒரு பெரிய நாட்டின் உதவி நிறுவனம், இணையத்தில் பரவும் பொய்களை எதிர்க்க என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. அதற்கு ஆகிலாவைச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். அறுகம்பேயில் ஒரு ஹோட்டலில் பயிற்சி. வெளியே வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைக்கு ஓட, உள்ளே ஏசியில் இவர்கள் கலர் கடுதாசித் துண்டுகளைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்களாம். நடத்தியது நதீரா என்ற கொழும்புப் பிள்ளை. திட்டத்தின் அலுவலர் அவள்தான். நல்ல பிள்ளை, அதில் குறை சொல்லமாட்டேன். அவள் படிப்பித்த முதல் விதி: உண்மையை முதலில் சொல்லுங்கள், பொய்யைத் திருப்பிச் சொல்லாதீர்கள்.

ஆகிலா கையை உயர்த்தினாளாம். "எங்கட ஊருல அது சரிவராது மிஸ். என்ன கதைக்கிறாங்க எண்டு முழுசாச் செல்லாம மறுத்தா, இவ என்னத்தையோ மறைக்கிறா எண்டுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நதீராவும் சிரித்து, அதையும் ஒரு கலர்த் துண்டில் எழுதி ஒட்டினாள். ஆகிலா ஊருக்கு வந்து தன் முறையிலேயே செய்துகொண்டிருந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை.

அந்த நாட்டுக்கு எங்கள் மீது என்ன அவ்வளவு அக்கறை என்று நான் அவளிடம் கேட்டிருக்கிறேன். அதன் விவரம் இதுதான். இன்னொரு பெரிய நாடு எங்கள் கரையோரத்து மீனவர்களுக்கு வலையும் இயந்திரமும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆகிலாவை எடுத்த இவர்கள் விடுவார்களா? இவர்கள் பள்ளிக்கூடத்துக்கு மேசை கொடுத்தார்கள், பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள். எங்கள் மனசு யார் பக்கம் சாய்கிறது என்பதில் இரண்டு பேருக்கும் போட்டி. வலை கொடுத்த நாட்டின் ஆட்கள் முகநூலில் இவர்களைப் பற்றிக் கதை கட்டுவார்கள், அதை மறுக்க ஆகிலா தேவைப்பட்டாள். அவளுக்கு அது விளங்காமல் இல்லை. "அவங்கட சண்ட அவங்களோட மாமி. எனக்குப் பொய் கூடாது, அவ்வளவுதான்," என்றாள்.

அதே நிறுவனம் சொறிக்கல்முனைப் பக்கத்தில் எருமை வளர்க்கும் பெண்களுக்கும் உதவி செய்திருந்தது. பால் எடுக்க எவர்சில்வர் கேன், தயிர் கெடாமல் வைக்க ஒரு குளிர்ப்பெட்டி, எல்லாவற்றிலும் அந்த நாட்டுக் கொடி ஒட்டிய ஸ்டிக்கர். வாங்கியவர்களில் ஒருத்தி கேதீஸ்வரி. எங்கள் ஊருக்குப் பல வருடமாகத் தயிர் கொண்டுவருகிறவள். மண்சட்டிகளைக் கூடையில் அடுக்கி, பஸ்ஸில் வந்து இறங்கி, வீடு வீடாக நடப்பாள். ஆகிலாவின் உம்மா மௌத்தான அன்று, அந்த இழவு வீட்டு அடுப்படியில் நின்று தேநீர் ஊற்றியவள் அவள். சாதாரண நாளில் பத்துச் சட்டி விற்றால் நோன்பில் அதைப்போல பல மடங்கு போகும். வயல்காரனுக்கு அறுவடை வெட்டு எப்படியோ, கேதீஸ்வரிக்கு எங்கள் நோன்பு அப்படி. அந்த ஒரு மாதத்தை வைத்துத்தான் அவளும் புருஷன் நல்லரெத்தினமும் எருமைகளை வைத்திருந்தார்கள்.

போன வருடம் நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு படம் வந்தது. ஏதோ நாட்டு எழுத்து அச்சடித்த ஒரு சாக்கு, பக்கத்தில் பன்றிப் படம், அதற்குப் பக்கத்தில் கொடி ஒட்டிய கேன். சொறிக்கல்முனைத் தயிர் கட்டியாக உறைய, அந்த நாடு கொடுத்த மாவைப் போடுகிறார்களாம். மாவில் பன்றிக் கொழுப்பாம். முஸ்லிம்களின் நோன்பைக் கெடுக்கச் செய்யும் வேலையாம். எங்கள் ஊரில் சொறிக்கல்முனைத் தயிர் என்றால் அது கேதீஸ்வரிதான். யார் செய்த படம் என்று இன்றுவரை தெரியாது. வலை கொடுத்தவர்களின் ஆட்களா, ஊரில் வேறு தயிர் விற்கிறவனா, வேலை வெட்டி இல்லாத எவனோ ஒருவனா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

ஆகிலா புருஷன் முபாறக்கின் ஓட்டோவில் ஏறி நேரே கேதீஸ்வரி வீட்டுக்குப் போனாள். சட்டிகளைத் திறந்து பார்த்தாள். பால் காய்ச்சும் வரை நின்றாள். கேதீஸ்வரி முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து இளஞ்சூட்டுப் பாலில் கலக்கினாள்.

"இதான் உறை. வேற என்னத்தப் போடுற?" என்றாள் கேதீஸ்வரி. "அவங்க தந்தது கேனும் பெட்டியும் மட்டுந்தான் புள்ள. மா எண்டு ஒண்ட நான் கண்ணாலயும் காணல்ல. நீ போய்ச் சொல்லு. நீ சொன்னா உங்கட ஆக்கள் கேப்பாங்க."

"நான் செல்றன் அக்கா. நீங்க யோசிக்காதீங்க," என்றாள் ஆகிலா.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, வாசல் பக்கம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கைபேசியில் விரலை வைத்துக் கதைக்கத் தொடங்கினாள். நான் அப்போது அங்கே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வழக்கம்போல் முதலில் ஸலாம் சொன்னாள். பிறகு, ஊரில் என்ன கதைக்கிறார்கள் என்பதை, அவளுடைய முறைப்படி, முழுதாக, ஒன்றும் விடாமல் சொன்னாள். கேதீஸ்வரியின் பெயர், சாக்கு, மாவு, பன்றிக் கொழுப்பு, நோன்பு கெடுவது எல்லாம். அழகாகச் சொன்னாள். சொல்லி முடித்து மூச்சு எடுக்கவும் பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்கவும் சரியாக இருந்தது.

பாங்கு சொல்லும்போது நாங்கள் கதைப்பதில்லை. சின்னப் பிள்ளையில் இருந்து பழக்கிய மரியாதை அது, யோசித்துச் செய்வதில்லை. ஆகிலா சட்டென்று வாயை மூடி, முந்தானையைத் தலைக்கு இழுத்தாள். இழுக்க, விரல் கைபேசியை விட்டது. விரலை விட்டால் பதிவு அந்த நொடியே எல்லோருக்கும் போய்விடும். போய்விட்டது.

அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்தாள். "பாதி போயிட்டு," என்று என்னைப் பார்த்துச் சைகை காட்டினாள். பாங்கு எல்லோருக்கும்தானே சொன்னது, எல்லோரும் தொழுதுவிட்டு வந்துதானே கேட்பார்கள், வந்து மீதியைச் சொல்வோம் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒழு எடுத்தாள், தொழுதாள், துஆக் கேட்டாள். பிறகு வந்து உட்கார்ந்து இரண்டாவது பாதியைச் சொன்னாள்: நான் போய்ப் பார்த்தேன், வல்லாஹி அது பொய், அவர்கள் பழைய முறைப்படிதான் உறை ஊற்றுகிறார்கள், தைரியமாக வாங்குங்கள். இந்த முறை ஸலாம் சொல்லவில்லை. ஒருமுறை சொன்னவர்களுக்கே எதற்கு மறுகா சொல்வது?

அங்கேதான் எல்லாம் கெட்டது. முதல் பாதியில் ஸலாம் இருந்தது, பெயர் இருந்தது, ஆளைத் தூக்கிப்போடும் செய்தி இருந்தது. கேட்ட பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தள்ளிவிட்டார்கள். தொழுதுவிட்டு அனுப்பவில்லை, அனுப்பிவிட்டுத்தான் தொழுதார்கள். இரண்டாவது பாதி தலையும் இல்லாமல் பெயரும் இல்லாமல் வந்து நின்றது. அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. பொழுதுபட்டு மஃரிபு ஆவதற்குள் அட்டாளைச்சேனையில் இருக்கும் என் தங்கச்சி எனக்கு கோல் எடுத்தாள்: "கேட்டீங்களா? ஆகிலாவே செல்லிட்டா, தயிருல பண்டிக் கொழுப்பாம்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கைபேசியைப் படுக்கையில் எறிந்தேன்.

ஆகிலா அன்றைக்கே மறுபடியும் முழுதாகப் பதிவு போட்டாள். ஸலாம் சொல்லி, பெயர் சொல்லி, முதலில் போனது பாதிதான் என்று விளக்கி, அழுதழுது போட்டாள். அதற்கு வந்த பதில்கள் என் காதில் இன்னும் கிடக்கின்றன. "நல்லாத்தானே செல்லிட்டு இருந்த. இப்ப ஆரு காசு தந்து மாத்தச் சென்ன?" "கேன் தந்தவனும் அவன்தான், உனக்குச் சம்பளம் தாறவனும் அவன்தான், நீ வேற என்னத்தச் செல்லுவாய்?" அவள் சம்பளம் அங்கிருந்து வருவது உண்மை. உண்மையை மறுக்க அவளுக்குத் தெரியாது.

நோன்பின் முதல் நாள் கேதீஸ்வரி கூடை நிறையச் சட்டிகளுடன் வந்தாள். பின்னேரம் கூடை நிறையச் சட்டிகளுடன் பஸ் நிலையத்தில் நின்றாள். ஒருவரும் அவளை ஏசவில்லை. கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். நாங்கள் மரியாதையான ஆட்கள்.

ஆகிலா ஓடிய ஓட்டம் கொஞ்சமில்லை. எங்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் ஜவுபரிடம் போய், ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"மகள், நீ பொய் செல்லமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும்," என்றார் அவர். "ஆனா நாளைக்கு ஒண்டுக்கு ஒண்டு ஆனா, பள்ளி ஹராமான ஒண்ட ஹலால் எண்டிட்டு எண்டு பிடிப்பானுகள். சுகாதாரப் பகுதியால சோதிச்சிட்டு வரட்டும், செல்றன்."

சுகாதாரப் பகுதியில் ஒரு சட்டியை வாங்கி வைத்தார்கள். ஆய்வு கொழும்பில்தான் நடக்குமாம், பெருநாளுக்குப் பிறகுதான் பதில் வருமாம்.

அதற்கிடையில் யாரோ முறைப்பாடு கொடுத்து, இணையத்தில் பொய் பரப்புவதை விசாரிக்கும் அரச நிறுவனம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் ஆகிலா வீட்டுக்கு வந்தார்கள். மிகவும் பண்பாகக் கதைத்தார்கள். தயிரைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து யார் வருவார்கள், என்ன சொல்லச் சொல்வார்கள், வேறு எந்த ஊரில் ஆள் வைத்திருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்கள். ஆகிலா, "சேர், கேதீஸ்வரிர தயிர் சுத்தம் எண்டு நீங்க ஒரு வரி போடுங்க. அரசாங்கம் சென்னா சனம் நம்பும்," என்று கெஞ்சினாள். விசாரணை முடியும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். நதீராவைக் கூப்பிட்டுக் கேட்டாள். விசாரணை நடக்கிறபடியால் நாங்களும் எதுவும் சொல்லக்கூடாது என்று எங்கள் சட்டத்தரணி சொல்லிவிட்டார் என்றாள் நதீரா. இரண்டு பக்கமும் ஒரே வார்த்தை. அதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை இல்லை.

பிறகு அது தொலைக்காட்சிக்கு வந்தது. வெளிநாட்டுக் காசில் வதந்தி பரப்புகிறார்கள் என்பதற்கு உதாரணமாக அரச நிறுவனம் ஆகிலாவின் முதல் பாதியைப் போட்டுக் காட்டியது. அடுத்த நாள் தூதரகம் ஓர் அறிக்கை விட்டது: எங்கள் திட்டத்தைக் கெடுக்க எதிரிகள் எப்படிப் பொய்யைப் பயன்படுத்துகிறார்கள் பாருங்கள் என்று. அதற்கும் உதாரணம் அதே முதல் பாதிதான். இரண்டு தரப்பும் வாதாட வாதாட, செய்திக்குச் செய்தி அவளுடைய ஸலாம் ஒலித்தது. நாடு முழுக்கக் கேட்டது. அந்தத் தயிரில் ஒன்றுமில்லை என்று ஒருவராவது, ஒரு தரமாவது, வாய் திறந்து சொல்லவில்லை. நான் டீவியை நிறுத்திவிட்டு, நோன்பு என்றும் பார்க்காமல், அந்த இரண்டு தரப்பையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

நோன்பு பாதி கழிய, அந்தப் பெரிய நாட்டிலேயே ஆட்சி மாறி, இனி வெளிநாடுகளுக்கு இப்படிச் செலவழிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். நதீராதான் சொன்னாள். "ஆகிலா, திட்டம் மூடியாச்சு. எனக்கும் வேலை போயிட்டு," என்று போனில் அழுதாள். ஆகிலா அவளுக்கு ஆறுதல் சொன்னாள்.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஆகிலாவுக்கு ஒரு யோசனை வந்தது. குரலை நம்பாவிட்டால் கண்ணையாவது நம்பமாட்டார்களா? கேதீஸ்வரியிடம் வழக்கமாக வாங்கும் வீட்டுப் பெண்களையெல்லாம் நோன்பு திறக்கக் கூப்பிட்டாள். கேதீஸ்வரியையும் ஒரு சட்டித் தயிரோடு வரச் சொன்னாள். எல்லோருக்கும் முன்னால், தான் முதலில் சாப்பிட்டுக் காட்டுவாள். ஆகிலா சாப்பிட்டாள் என்பது அடுத்த நாளே ஊருக்குப் போய்விடும். பெருநாளுக்காவது கொஞ்சம் விற்கலாம். கேதீஸ்வரிக்கு மனமில்லை. "எனக்காக நீ ஏச்சு வாங்காத புள்ள," என்றாள். ஆனாலும் வந்தாள். நல்ல சேலை உடுத்து, தலையில் பூ வைக்காமல், ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

பெண்கள் வந்தார்கள். ஆகிலா வீட்டுக் கஞ்சியை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு யாருக்கும் பகை இல்லை. நோன்பு திறந்தோம். பேரீச்சம்பழம், கஞ்சி, சமோசா எல்லாம் போயிற்று. நடுவில் தயிர்ச் சட்டி தொடாமல் இருந்தது. ஆகிலா அதை இழுத்து, மேலே இருந்த கட்டியான ஆடையோடு ஒரு கரண்டி எடுத்து, இனிப்புப் பாணி ஊற்றினாள். எல்லாக் கண்ணும் அவள் கையில். பிஸ்மி சொல்லி வாயில் வைத்தாள்.

விழுங்கவில்லை. அவள் விழுங்கப் பார்த்தாள் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தொண்டை ஒருமுறை அசைந்தது, இன்னொரு முறை அசைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்பக்கம் ஓடினாள். கிணற்றடியில் அவள் ஓங்காளிக்கும் சத்தம் அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

நான் ஆத்திரத்தில் அதே கரண்டியை எடுத்து மூன்று வாய் தின்றேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தி மெதுவாகப் பாதணியைத் தேடினாள், மற்றவர்களும் எழும்பினார்கள். ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

நான் பின்பக்கம் போனேன். கேதீஸ்வரி எனக்கு முன்னே அங்கு நின்றாள், ஆகிலாவின் முதுகைத் தடவிக்கொண்டு.

"என்ட சத்தம் அக்கா," என்றாள் ஆகிலா. "வாயில வெச்ச உடன என்ட சத்தம்தான் கேட்டிச்சு. டீவியில கேட்டு, போன்ல கேட்டு, கேட்டுக் கேட்டு... பொய்யெண்டு எனக்குத் தெரியும். என்னப் போல ஆருக்கும் தெரியாது. தெரிஞ்சும் இறங்குதில்ல அக்கா."

கேதீஸ்வரி கையை எடுத்தாள்.

"நீ வந்து பாத்ததானே புள்ள," என்றாள் பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில். "மறைக்காமச் சொல்லு. அந்தப் பெட்டிக்குள்ள அவங்க என்னவும் பூசித் தந்திருப்பாங்களா? எனக்குத் தெரியாம என்ட தயிருல என்னவும் சேந்திரிக்கா?"

ஆகிலா இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். கேதீஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

பெருநாள் கழிந்து, கொழும்பிலிருந்து பதில் வரும் முன்னமே, கேதீஸ்வரியும் நல்லரெத்தினமும் எருமைகளை விற்றுவிட்டதாக முபாறக் வந்து சொன்னான். விற்கிறதுக்கு முன்னால் சில நாட்களாக, வீட்டுக்கு எடுத்து வைத்த தயிரையும் கேதீஸ்வரி தன் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் வாய்க்காலில் ஊற்றினாளாம்.